எண் பிறக்கும் இடம்



தம்பி, புள்ளியியல் துறையில் உத்தியோகம் ஏற்றிருக்கும் நீ, எந்தக் கணினி மென்பொருளை முதலில் கற்பது என்று கேட்டிருந்தாய். மென்பொருள்கள் அவசியம் கற்க வேண்டியவையே. உன் வயதினருக்குச் சில மாதங்களில் சுவாதீனமாகிவிடும். என் கவலையெல்லாம், மேஜைக்கு அட்டவணையாக வந்து சேரும் ஓர் எண், எந்த வயலில், எவருடைய வாய்மொழியிலிருந்து பிறந்தது என்பதை அறியாமலே ஒருவன் அதைக் கூட்டியும் பெருக்கியும் சர்க்காருக்கு ஆலோசனை கூறும் ஸ்தானத்துக்கு உயர்ந்துவிடுகிறானே என்பதுதான்.

நெல் மகசூல் கணக்கையே எடுத்துக்கொள். தேர்வான வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண்கள் சொல்லுகிறபடி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளந்து சென்று, 5 மீட்டருக்கு 5 மீட்டராக முளையடித்துக் கயிறு கட்டி, அதற்குள் அடங்கிய பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். எண் காட்டிய இடத்தில் பயிர் மெலிந்திருந்தால், "சற்றுத் தள்ளிக் கட்டலாமே" என்ற சபலம் அங்கே நிற்பவர்களுக்கு எழுவது இயற்கை. கயிற்றடியில் நிற்கும் குத்து உள்ளே சேருமா, சேராதா என்பது அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சதுரத்தில் நேரும் பிழை, ஹெக்டேர் கணக்குக்கு வரும்போது 400 மடங்காகப் பெருகுகிறது. பயிர்க் காப்பீட்டில் விவசாயிக்குக் கிடைக்கும் இழப்பீடும் பெரும்பாலும் இத்தகைய எடைகளையே ஆதாரமாகக் கொண்டது. ஆகவே வயலில் நிற்கும் கள அலுவலரின் சிரத்தையையே இத்துறையின் தலையாய திறமையென்று நான் மதிக்கிறேன்.

கேள்வி கேட்கும் முறையும் அப்படித்தான். 1999-2000இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றில், உணவுச் செலவைக் கடந்த 7 நாளுக்கும் கடந்த 30 நாளுக்குமாக ஒரே குடும்பத்திடம் ஒரே படிவத்தில் கேட்டார்கள். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்திருக்கும் என்ற சந்தேகம் கிளம்பிற்று. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை இச்சுற்றில் 26 சதவீதமாகக் குறைந்தது என்ற முடிவைப் பழைய கணக்கோடு ஒப்பிடலாமா என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் வாதிட்டார்கள். படிவத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு பத்திகளே அத்தனை விவாதத்துக்கும் மூலகாரணம். எந்த மென்பொருளாலும் அந்தச் சந்தேகத்தைப் பூரணமாகப் போக்க முடியவில்லை.

ஆதலால், எந்த அட்டவணை கைக்கு வந்தாலும், அதன் படிவத்தையும், கள அலுவலர்களுக்குத் தரப்பட்ட அறிவுரைக் கையேட்டையும் தேடிப் படித்த பிறகே கணக்கில் இறங்கு. வரும் தை அறுவடையின்போது மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, கயிறு கட்டுகிறவர்களோடு விடியற்காலையிலேயே புறப்பட்டுப் போய், எடை போட்டு முடியும்வரை உடனிரு. அங்கே கண்டதை எனக்கு விரிவாக எழுது.