மேற்கோள் கணக்கில் பெரியவர் யார்?

நம்பிக்கை: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கிறது.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நம் ஊர்க் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் பேனர் முளைக்கும். பேராசிரியரின் படம், பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் பெயர், கீழே 'உலகின் முதல் 2 சதவீதம்'. உண்மையில் அங்கே யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் ஜான் அயோனிடிஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து மேற்கோள் தரவை எடுத்து, ஒரு சூத்திரத்தில் போட்டு வெளியிடும் பட்டியல் அது. விண்ணப்பம் கிடையாது, நடுவர் குழு கிடையாது, கட்டுரைகளை யாரும் படித்துப் பார்ப்பதும் கிடையாது. வாழ்நாள் கணக்குக்கு ஒன்று, ஒரே ஓர் ஆண்டில் பெற்ற சைட்டேஷன்களுக்கு (மேற்கோள்களுக்கு) ஒன்று என்று இரண்டு பட்டியல்கள். நம் பேராசிரியர் எதில் இருக்கிறார் என்பதைப் பேனர் பெரும்பாலும் சொல்லாது.

பட்டியலைத் தயாரிப்பவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஒருவர் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் கழிக்காமலும் கணக்குத் தருகிறார்கள். ஆய்வாளர்களை 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து வைக்கிறார்கள். ஒரு துறையின் எண்ணை இன்னொரு துறையின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நியமனக் குழுக்களுக்குத்தான் பல நேரம் தெரிவதில்லை.

நம்பிக்கை: ஹெச்-இண்டெக்ஸ் கூடினால் ஆள் பெரியவர்; எந்தத் துறையானாலும் கணக்கு ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இயற்பியல் பேராசிரியராக இருக்கும் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. கணக்கு எளிது, அதனால்தான் இவ்வளவு பரவியது. ஆனால் அந்த முதல் கட்டுரையிலேயே ஹிர்ஷ் துறைகளின் வேற்றுமையைக் காட்டிவிட்டார். இயற்பியலில் அவர் கண்ட உச்சம் எட்வர்ட் விட்டனின் 110. உயிரியல் பக்கம் போனால் சாலமன் ஸ்னைடரின் எண் 191. கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையே வாங்கிய இயற்பியலாளர் விட்டன். அவரைவிட ஸ்னைடர் முக்கால் பங்கு கூடுதல் அறிவாளி என்று யாராவது சொல்வார்களா?

வேற்றுமைக்குக் காரணம் தொழில் பழக்கம். உயிர்வேதியியல் கட்டுரையின் கடைசியில் ஐம்பது, அறுபது மேற்கோள்கள் சாதாரணம்; கணிதக் கட்டுரையில் இருபதைத் தாண்டினாலே நீளம். உயிரியல் ஆய்வகத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஆண்டுக்குப் பல கட்டுரைகள் போடுவார்கள். எண் கோட்பாட்டில் இருப்பவர் ஒரு கட்டுரைக்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்வார். கணினி அறிவியலில் பெரிய வேலைகள் மாநாட்டில்தான் வெளியாகின்றன, வரலாற்றிலோ புத்தகமாக வருகின்றன. துறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை பேரை மேற்கோள் காட்டுவது வழக்கம் என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் மழையில்தான் ஒருவருடைய எண் விளைகிறது. தஞ்சாவூர் வயலின் மூட்டைக் கணக்கை வைத்துக்கொண்டு ராமநாதபுரம் மானாவாரி விவசாயியைச் சோம்பேறி என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இன்னொரு வேடிக்கை. ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் எண் 5தான். எழுதுவதை நிறுத்தினாலும் எண் குறையாது. ஆள் காலமான பிறகும் ஏறலாம். 1964இல் எழுதிய கட்டுரைக்காக 2013இல் நோபல் பெற்ற பீட்டர் ஹிக்ஸ், அந்தக் கட்டுரைக்குப் பிறகு பத்துக்கும் குறைவான கட்டுரைகளையே எழுதியவர். இன்றைய சூழலில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவரே கார்டியன் நாளிதழிடம் சொன்னார். ஹிர்ஷும் 2020இல், தான் உண்டாக்கிய அளவு கடுமையான தீய விளைவுகளைத் தரக்கூடும் என்று எழுதிவிட்டார்.

நம்பிக்கை: அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதுதான் ஒருவரின் தலைசிறந்த கட்டுரை.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்வோம். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று அவர் சொன்ன 1931ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டே பக்கம். 1983இல் நோபல் பரிசு வந்தபோது உலகம் நினைத்துக்கொண்டது அந்த வரம்பைத்தான். ஆனால் மேற்கோள் கணக்கில் அதைப் பல மடங்கு விஞ்சி நிற்பது 1943இல் அவர் எழுதிய 89 பக்க மீள்பார்வை. துகள்கள் தாறுமாறாக அலையும் பிரௌனியன் இயக்கம் போன்றவற்றின் கணிதத்தை ஒரே இடத்தில் ஒழுங்காக விளக்கியது அது. நட்சத்திரங்களோடு தொடர்பே இல்லாத வேதியியலாளரும் உயிரியலாளரும் இன்றும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். துறை தாண்டிப் போனது கருவிதான்.

எல்லாத் துறையிலும் இந்தக் கதைதான். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை ஆலிவர் லோரியும் மேலும் மூவரும் 1951இல் வெளியிட்டார்கள். நேச்சர் இதழ் 2014இல் கணக்கெடுத்தபோது 3 லட்சம் மேற்கோள்களைத் தாண்டி முதலிடத்தில் இருந்தது அந்தக் கட்டுரை. அது ஒன்றும் மகத்தான கட்டுரையல்ல என்று லோரியே ஒப்புக்கொண்டவர். அதே கணக்கில் முதல் நூறு இடங்களுக்குள் நுழைய 12,000 மேற்கோள்களுக்கு மேல் வேண்டியிருந்தது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டின் வாட்சன்–கிரிக் கட்டுரைக்கு அதில் இடமில்லை.

ஏன் என்றால், ஒரு கருத்து முழு வெற்றி பெற்றதும் அதை மேற்கோள் காட்டுவதை விட்டுவிடுகிறார்கள். 'சந்திரசேகர் வரம்பு' என்று எழுதும் எத்தனை பேர் 1931க்குப் போகிறார்கள்? புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் 1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையும் அப்படித்தான். இன்றைய இம்பாக்ட் ஃபாக்டர் (இதழ்களின் மேற்கோள் சராசரி) மோகத்தில் அந்த மாதிரி இதழுக்கு அனுப்பாதே என்று கைடு தடுத்திருப்பார். அந்தக் கட்டுரையிலிருந்து பிறந்த 'கிரேமர்–ராவ் எல்லை' ரேடார் பொறியாளருக்கு அன்றாடச் சொல். பெயர் புழங்கும் அளவுக்குக் கட்டுரைக்கு எண் ஏறுவதில்லை. 2023இல், 102 வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நம்பிக்கை: பெரிய இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள ஜர்னலில் வந்தால் கட்டுரையும் பெரிது.

இம்பாக்ட் ஃபாக்டர் என்பது ஜர்னலின் சராசரி. ஒரு ஜர்னல் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பது. எந்த இதழை வாங்குவது, எதை அட்டவணைப்படுத்துவது என்று முடிவு செய்ய உதவும் கருவியாகத்தான் யூஜின் கார்ஃபீல்டு இதைக் கொண்டுவந்தார். சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழே சாட்சி. படிக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் அதில் ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்ட, 2ஐ ஒட்டி இருந்த இம்பாக்ட் ஃபாக்டர் 2009இல் ஏறக்குறைய 50 ஆனது. இரண்டு ஆண்டுச் சாளரம் நகர்ந்ததும் 2011இல் மறுபடி 2. நடுவில் அந்த ஜர்னலில் எழுதிய மற்றவர்கள் ஒரே இரவில் மேதைகளாகி, பிறகு இறங்கியும் விட்டார்களா என்ன?

கணிதத்தின் உச்ச இதழ்களில் ஒன்றான ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸுக்கு இந்த எண் ஒற்றை இலக்கம். அமெரிக்கப் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிடும் ஒரு மருத்துவ இதழுக்கு அது 200ஐத் தாண்டுகிறது. புற்றுநோய் பற்றி எழுதுபவர்கள் முதல் வரியிலேயே அந்தப் புள்ளிவிவரத்தைச் சுட்ட வேண்டியிருக்கிறதே.

நம்பிக்கை: மேற்கோள் என்றால் பாராட்டு.

திட்டுவதற்கும் மேற்கோள் காட்டித்தான் ஆக வேண்டும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு லான்செட்டில் 1998இல் வந்து, 2010இல் திரும்பப் பெறப்பட்ட வேக்ஃபீல்டின் கட்டுரைக்கு ஆயிரத்துக்கு மேல் மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை அதைக் கண்டித்தவை.

விலை கொடுத்துச் சேர்ப்பதும் நடக்கிறது. போலி மேற்கோள் சேர்ப்பது எவ்வளவு எளிது என்று காட்ட 2024இல் இரண்டு ஆய்வாளர்கள் லாரி என்ற பூனையின் பெயரில் போலிக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலர் அந்தப் பூனைக்கு நூற்றுக்கு மேல் சைட்டேஷன் போட்டு, பிறகு சங்கதி வெளியானதும் நீக்கியது.

நம்பிக்கை: பெயர் இருந்தால் பங்கு இருக்கிறது.

2015இல் செர்ன் ஆய்வகத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி எழுதிய கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டுரையின் முழு மேற்கோளும் ஏறும். உயிரியலில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் தனி மதிப்பு; கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசைதான் வழக்கம்.

நம்பிக்கை: ஸ்கோபஸில் இல்லாதது ஆராய்ச்சியே இல்லை.

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஜர்னலில் பேப்பர் போட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரில் நீக்கிவிட்டது. ஆனாலும் 'ஸ்கோபஸில் எத்தனை?' என்ற கேள்வி நின்றபாடில்லை. அந்தக் கேள்வி அதிகம் தண்டிப்பது தமிழ், வரலாறு, கல்வெட்டியல் போன்ற துறைகளில் இருப்பவர்களை. தமிழில் வெளியாகும் ஆய்விதழ்கள் அந்தத் தரவுத்தளங்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே குகைகுகையாக ஏறி, தமிழ்–பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தார். அந்த வேலை பல பத்தாண்டுகள் கழித்து, 2003இல் சென்னையின் க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வெளியிட்ட ஒரே புத்தகமாகத் திரண்டது. புத்தகத்துக்கு இம்பாக்ட் ஃபாக்டர் கிடையாது. சங்க காலத்து எழுத்தைப் பற்றி இன்று எழுத உட்காரும் எவரும் அதைத் திறக்காமல் ஒரு பக்கம்கூட நகர முடியாது.