கொழுந்து வாட்டும் விசிறிக்கு எந்த இன்வர்ட்டர்?

மழையில் நனைந்து வந்த தேயிலைக் கொழுந்துக்கு, வாட்டும் தொட்டியின் (ட்ரஃப்) விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும். விடியற்காலையில், கொழுந்து துவண்ட பிறகு, 80 சதவீத வேகமே போதும். விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், அந்த வேகத்தில் ஏறக்குறையப் பாதிதான் செலவாகும். தகடு வைத்துக் காற்றை மறிப்பவருக்கு இவ்வளவு மிச்சம் வராது. ஆகவே மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வர்ட்டர் வேண்டும். எதை வாங்குவது, எப்படி அமைப்பது என்பதில்தான் பிழை நடக்கிறது.

இன்வர்ட்டர் 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 565 வோல்ட் டீசியாக மாற்றும். அதில் விநாடிக்கு 300 தடவை ஏறியிறங்கும் சிற்றலை இருக்கும். அதை உள்வாங்கிச் சமன் செய்வது கெப்பாசிட்டர்கள். உள்வாங்கும்போது அவை சூடாகும். சூடு 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் மூன்று வருடம்கூட ஓடாத இன்வர்ட்டரைத் திறந்தேன். கெப்பாசிட்டர்களின் அலுமினிய மூடிகள் உப்பியிருந்தன, அடியில் பழுப்புக் கசிவு, காற்றுத் துவாரமெங்கும் தேயிலைத் தூசி. அதில் சோக் என்னும் கம்பிச்சுருள் இல்லை.

சோக் இல்லாத இன்வர்ட்டர் விலை குறைவு. ஆனால் அது மின்சாரத்தைக் குத்துக் குத்தாக இழுக்கும். சோக் அந்தக் குத்துகளைத் தட்டையாக்கும்; கெப்பாசிட்டர்களின் சூடும் குறையும். அது தின்னும் மின்சாரம் சொற்பம். தொழிற்சாலைகளிடம் உச்சத் தேவைக்கு கேவீஏ கணக்கில் கட்டணம் வாங்கப்படுவதால், பட்டியலிலும் பலன் தெரியும். சோக் உள்ளதையே வாங்குங்கள்.

மோட்டார் பக்கச் சிற்றலை வேறு கதை. மோட்டார் கீச்சிடுகிறது என்று கேரியர் அதிர்வெண்ணை 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12க்கு ஏற்றிவிடுகிறார்கள். சத்தமும் சிற்றலையும் குறையும், உண்மைதான். ஆனால் இன்வர்ட்டரின் சுவிட்சுகள் மூன்று மடங்கு தடவை திறந்து மூடுவதால், அதனால் வரும் இழப்பும் மும்மடங்காகும். பெனல் கீழே, ட்ரஃப் மேல்மாடியில் என்றால் நீண்ட கேபிள் வழியே கசிவும் கூடும். கனத்த விசிறிக்கு அந்தச் சிற்றலை உறைக்கவே உறைக்காது. 4 போதும். அலுவலகச் சுவரை ஒட்டிய விசிறிக்கு வேண்டுமானால் 6 வரை போகலாம்.

பெரும்பாலானோர் கவனிக்காதது உயரம். இன்வர்ட்டரில் பொறித்த அம்பியர் பொதுவாக 1000 மீற்றர் உயரம் வரைக்குமானது. அதற்கு மேல் காற்று மெலிவதால் சூடு சரியாக வெளியேறாது. ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஒரு சதவீதம் கழிக்க வேண்டும். ஹட்டனில் சுமார் 3 சதவீதம். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். அங்கே 9 சதவீதம் போய்விடும். மோட்டாரின் தகட்டில் 29 அம்பியர், இன்வர்ட்டரில் 31 என்றால் கொழும்பில் தாராளம். நுவரெலியாவில் அந்த 31 என்பது 28தான். அங்கே ஒரு அளவு பெரியது வேண்டும்.

விலை கேட்டு எழுதும்போது மோட்டாரின் குதிரைத்திறனை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். தகட்டிலுள்ள அம்பியர், தொழிற்சாலையின் உயரம், கேபிளின் நீளம், ‘சோக் அவசியம்’ என்ற ஒரு வரி, இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.