வலிக்காத புண்

திருச்சுழிப் பக்கம் கரிமூட்ட வேலைக்கும் ஆடு மேய்க்கவும் போய் வருகிறவர்களுக்கு முள் தைப்பது சேதி இல்லை. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். உடை முள் நீளமாக, வெள்ளையாக நிற்கும். நெருஞ்சி வரப்பெல்லாம் கிடக்கும். வலித்தால் உட்கார்ந்து பிடுங்குவார்கள், வலி நின்றதும் மறந்துவிடுவார்கள். பாதத்தைப் பொறுத்தவரை அப்படி மறந்த பிறகுதான் பல ஆபத்துகள் தொடங்குகின்றன. வலிக்கிற புண் தானே ஆளை மருத்துவரிடம் கூட்டிப்போய்விடும். வலிக்காத புண்ணை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். எப்படித் தேடுவது, பார்த்ததும் என்ன செய்வது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், உள்ளங்காலின் தோல் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு, அதற்கும் கீழே கொழுப்பு மெத்தை. கண்ணிமையில் மேல்தோல் ஒரு தாளின் கனம்கூட இருக்காது. பாதத்திலோ ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். அந்தக் கனத்தில் பெரும்பகுதி இறந்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிய காய்ப்பு. மேல்தோலில் ரத்தக்குழாய் கிடையாது. ரத்தமும் தொடுவுணர்வு நரம்புகளில் பெரும்பாலானவையும் உள்தோலில் இருக்கின்றன. இன்னொன்று: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. முகத்தைப் போலப் பாதம் தனக்குத் தானே எண்ணெய் பூசிக்கொள்ளாது. மழை குறைந்த, காற்று காய்ந்த இந்தச் சீமையில் குதிகால் வெடிக்க அதுவே பாதிக் காரணம்.

இரவு படுக்கும் முன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடையுங்கள். பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதற்கு மேல் காலை நீட்டினாலும் தெரியும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பித்தவெடிப்பு இருந்தால் அதில் ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். கசியாவிட்டால் வெடிப்பு மேல்தோலோடு நிற்கிறது. கசிந்தால் உள்தோல் வரை போய்விட்டது, கிருமிக்கு வழி திறந்துவிட்டது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் மெல்லத் தேய்த்து, துடைத்த கையோடு வாசலினோ விளக்கெண்ணெயோ தடவிப் பருத்தித் துணியால் சுற்றிப் படுங்கள். தோல் குடித்த ஈரம் வெளியேறாமல் இருக்கத்தான் எண்ணெய், அதனால் காய்ந்த காலில் தடவுவதில் பலன் குறைவு. யூரியா கலந்த களிம்பு இன்னும் நன்றாக வேலை செய்யும். பிளேடால் சீவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை ஊறவைக்கவே வேண்டாம். கழுவுகிற தண்ணீரின் சூட்டையும் வேறொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

விரல் இடுக்கில் சேற்றுப்புண் என்றால் ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டு, பூஞ்சைக்கான களிம்பை மருத்துவர் சொல்லும் நாள்வரை போடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அன்றே அடங்கும், பூஞ்சையோ பரவிக்கொண்டே போகும்.

முள் தைத்தால் முதலில் சோப்பும் தண்ணீரும். முள்ளின் முனை வெளியே தெரிந்தால் இடுக்கியால் பிடித்து, அது ஏறிய சாய்விலேயே இழுங்கள். மேல்தோலுக்குள் மறைந்திருந்தால், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் தோலை லேசாகக் கீறி முனையை வெளிக்கொண்டு வரலாம். பிதுக்காதீர்கள், முள் உடைந்து கீழே இறங்கும். எருக்கம்பால் விட்டால் முள் தானே வெளியேறும் என்பார்கள். அந்தப் பால் தோலை வேகவைத்துப் புண்ணைப் பெரிதாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எடுத்த முள்ளை உற்றுப் பாருங்கள். நுனி மழுங்கியிருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. அப்போதும், மூட்டுக்குப் பக்கத்தில் தைத்திருந்தாலும், மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கட்டையும் முள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ரணஜன்னி தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

முள்ளை எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1842இல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர், பாதம் வீங்கி உருமாறும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். 1846இல் கோல்புரூக் என்பவர் அதை ‘மதுராப் பாதம்’ என்று அழைத்தார், உலக மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. அன்று திருச்சுழிச் சீமையும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1860இல் வான்டைக் கார்ட்டர் அதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். மண்ணில் வாழும் பூஞ்சையோ பாக்டீரியாவோ முள் குத்திய வழியாக உள்ளே போய், தோலுக்கு அடியில் மெல்ல வளர்கிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். முதலில் வலியில்லாத ஒரு கெட்டிக் கழலை. பிறகு அதன் மேல் சிறு துவாரங்கள். துவாரம் வழியே கசியும் நீரில் ரவை போலப் பொடிமணிகள் வரும்.

அந்த மணிகளைத் துடைத்து எறிந்துவிட்டு மருத்துவரைப் பார்க்கப் போகாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக் கட்டி அப்படியே போங்கள், ஏனென்றால் நோயைச் சொல்வது மணிதான். கறுப்பு மணி பெரும்பாலும் பூஞ்சை, சிவப்பு மணி பாக்டீரியா, வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பாக்டீரியா என்றால் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். பூஞ்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேலும் மாத்திரை, பலருக்கு அறுவைச் சிகிச்சையும் சேரும். கழலை சிறிதாக இருக்கும்போதே வந்தால் அதை மட்டும் எடுத்துவிட முடியும். எலும்பு வரை போன பிறகு வந்தவர்கள் காலை இழந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததே 2016இல்தான். முள் தைத்த இடத்தில் வலியில்லாத கட்டி தென்பட்டால், காலண்டரில் குறித்த தேதியைச் சொல்லித் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை உணர்ச்சியையும் சோதித்துவிடுங்கள். கரிசல்காட்டில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. சிறிது பஞ்சைத் திரியாக முறுக்கி, கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனி, பாதத்தின் மேற்புறம், கணுக்கால் எனத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். காய்ப்பேறிய குதிகாலில் பஞ்சு தெரியாமல் போகலாம், அங்கே பந்துமுனைப் பேனாவின் நுனியால் மெல்லத் தொடுங்கள். ஊக்கால் குத்திப் பார்க்க வேண்டாம். மரத்த இடம் இருந்தால் சர்க்கரை நோய்க்கு ரத்தம் பார்க்க வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த தேமல் ஒன்றின் மேல் மட்டும் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். பயப்படவோ மறைக்கவோ தேவையில்லை. அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகும். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். உணர்ச்சி போன காலில் சூடும் கல்லும் முள்ளும் செய்கிற காயத்தைக் கவனிக்காமல் விடுவதால்தான் விரல் குறைகிறது.

அப்படி மரத்த கால் உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் எம்.சி.ஆர். செருப்புக் கேளுங்கள். உள்ளே மெத்தென்றும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். பின்பக்கம் வார் உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலில் நடந்துவிடுவீர்கள். காட்டு வேலைக்கு டயர் அடிவைத்த செருப்பு நல்லது. அதன் அடியில் ஏறி நிற்கும் முட்களை வீட்டுக்கு வந்ததும் இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். காலையில் போடும் முன் தலைகீழாகத் தட்டி, உட்புறத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.