ஒலிவாங்கி பதியவில்லையா? லினக்ஸ் கணனியில் குரல் பதிவு

காணியின் கிழக்கெல்லை எந்தப் பாலை மரத்தில் முடிந்தது, குளத்து வாய்க்கால் யார் யாருடைய வயலுக்கூடாகப் போனது, எந்த நெல்லை எந்த மாதத்தில் விதைத்தார்கள் என்பனவெல்லாம் பல குடும்பங்களில் ஓர் அப்புவின் அல்லது ஆச்சியின் நினைவில் மாத்திரமே இருக்கின்றன. உறுதிகள் இடப்பெயர்வில் தொலைந்த வீடுகளில் அந்த நினைவின் பெறுமதி சொல்லத் தேவையில்லை. அதைக் குரலாகவே பதிந்து வைக்க ஒரு பழைய மடிக்கணனி போதும். அதில் லினக்ஸ் இருந்தால் மென்பொருளுக்குக் காசும் வேண்டாம். ஆனால் அப்பு ஒரு மணி நேரம் பேசி முடித்த பின் பதிவைத் திறந்தால், சத்தமே இல்லாமல் ஒரு நேர்கோடு மாத்திரம் கிடக்கிறது. 80 வயதில் அதே கதையை அதே ஒழுங்கில் மறுபடி சொல்லும்படி கேட்பது இலகுவான காரியமல்ல. ஆகவே இந்தப் பாடம்.

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வட்டவிதானை என்ன செய்வார்? துருசில் தொடங்கி வாய்க்கால் வழியே நடந்து, தண்ணீர் எந்த இடம் வரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். குரலுக்கும் இப்படியொரு வாய்க்கால் உண்டு. ஒலிவாங்கி குரலை மிகச் சிறிய மின்சாரமாக்குகிறது. அது செருகி வழியே ஒலி அட்டைக்குப் போய் எண்களாகிறது. அங்கே பொறுப்பேற்பது லினக்ஸின் உள்ளே இருக்கும் ‘அல்சா’ என்ற பகுதி. அதனிடம் வாங்கி ஒவ்வொரு மென்பொருளுக்கும் பங்கிடுவது முன்பு ‘பல்ஸ்ஓடியோ’வின் வேலை, ஃபெடோராவில் 2021 முதலும் உபுண்டுவில் 2022 முதலும் ‘பைப்வயர்’ அதைச் செய்கிறது. ஓடாசிற்றி போன்ற பதிவு மென்பொருள் கடைசியில்தான் வருகிறது. பலர் அந்தக் கடைசியை அழித்து மறுபடி நிறுவியே நாளைக் கழிக்கிறார்கள். அது வயலைக் கொத்தித் தண்ணீர் தேடுவது போன்றது.

முதலில் செருகி. மேசைக் கணனியில் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு, பச்சைத் துளை ஹெட்போனுக்கு. மடிக்கணனிகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே துளைதான். அதற்கு, கைத்தொலைபேசி ஹெட்போனில் இருப்பது போல மூன்று வளையக் கோடுகள் உள்ள செருகி வேண்டும். இரண்டு கோடு உள்ள தனி ஒலிவாங்கியை நேரே செருகினால் பொதுவாகக் குரல் போகாது. மண்டபத்து ஒலிபெருக்கியோடு பாவிக்கும் கைபிடி ஒலிவாங்கியும் சரிவராது. அது தரும் மின்சாரம் கணனிக்குப் போதாது. வாங்குவதானால் யூ.எஸ்.பி. ஒலிவாங்கியே நல்லது. விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட விசை இருந்தால் அதையும் பாருங்கள். சிறுபிள்ளைகளின் கை பட்டு அது அடைபட்டிருக்கக்கூடும்.

அடுத்து, ஒலி அட்டை கணனிக்குத் தெரிகிறதா? ‘டெர்மினல்’ என்ற சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘ஏ’ எழுத்தோடு ‘றெக்கோட்’ என்ற சொல்லை ஒட்டி, எல்லாம் சிறிய எழுத்தில் எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் சிறிய ‘எல்’ எழுத்தும் சேர்த்து அனுப்பினால் அட்டைகளின் பட்டியல் வரும். பட்டியலில் அட்டையே இல்லையென்றால் எந்தப் பதிவு மென்பொருளாலும் பயனில்லை. யூ.எஸ்.பி. ஒலிவாங்கியாயின் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

பட்டியலில் இருந்தால், அதே சாளரத்தில் ‘அல்சாமிக்சர்’ என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். எஃப் 6 விசையால் சரியான அட்டையைத் தெரிந்து, எஃப் 4 விசையை அழுத்தினால் பதிவுக்குரிய நிரல்கள் தோன்றும். ‘கப்ச்சர்’ நிரலில் அதே சொல் சிவப்பில் தெரியாவிட்டால் இடைவெளி விசையை அழுத்துக. மேல் அம்பு விசை அளவை உயர்த்தும். ‘பூஸ்ட்’ என்பதை ஒரு படிக்கு மேல் ஏற்றாதிருப்பது நல்லது. குரலோடு இரைச்சலும் வளரும்.

எனது கணிப்பில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பங்கீட்டில். ‘பல்ஸ்ஓடியோ வொலியூம் கொன்ட்ரோல்’ என்ற சிறு மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பைப்வயர் உள்ள கணனியிலும் அது வேலை செய்யும். பதிவை ஓடவிட்டுக்கொண்டே அதன் ‘றெக்கோடிங்’ பக்கத்தைத் திறக்க வேண்டும்; பதிவு ஓடாத வேளையில் அது வெறுமையாகவே இருக்கும். குரல் எந்த வழியாக எடுக்கப்படுகிறது என்பதை அங்கே காணலாம். ‘மொனிற்றர்’ என்று தொடங்கும் வழி தெரிவாகியிருந்தால், கணனி தனது ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சத்தத்தையே பதிந்துகொண்டிருக்கிறது. அப்பு எவ்வளவு உரத்துப் பேசினாலும் அதில் ஏறாது. கணனியின் உள் ஒலிவாங்கி, படக்கருவியில் உள்ளது, நீங்கள் செருகியது என மூன்று கூட இருக்கலாம். ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாகத் தட்டி, ‘இன்புட்’ பக்கத்தில் எந்த அளவுகோல் துள்ளுகிறது என்று பாருங்கள்.

அளவுகோல் துள்ளியும் பதிவு ஊமையாக இருக்கும் விசித்திரமும் உண்டு. சில மடிக்கணனிகளில் இடத் தடமும் வலத் தடமும் ஒன்றுக்கொன்று நேரெதிராக அசைகின்றன. மென்பொருள் இரண்டையும் கூட்டி ஒரே தடமாக்கும்போது அவை ஒன்றையொன்று அழித்துவிடும். அதே ‘இன்புட்’ பக்கத்தில் பூட்டுப் படத்தை அழுத்தித் தடங்களைப் பிரித்து, ஒன்றைப் பூச்சியமாக்கினால் குரல் வரும்.

குரல் வந்தும் பழைய தொலைபேசி போலக் கரகரத்தால் ஒலிவாங்கியைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். முன் சொன்ன ‘ஏ-றெக்கோட்’ கட்டளை, நாம் தரத்தைச் சொல்லாவிட்டால், வினாடிக்கு 8000 மாதிரிகள், 8 பிட் என்ற தாழ்ந்த அளவிலேயே பதியும். ஓடாசிற்றியில் 44100, 16 பிட் என்று தெரிவு செய்து பதிவதே எளிது. ‘ம்ம்’ என்ற தொடர் இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அது பெரும்பாலும் 50 சுற்று மின்சாரத்தின் ஓசை.

அப்பு வந்து அமர்வதற்கு முன்பே அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திச் சேமித்துத் தொடருங்கள். அப்புவுக்கும் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும். மேற்சொன்ன தரத்தில், ஒரே தடத்தில், ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 320 மெகாபைட் இடம் பிடிக்கும். 8 ஜி.பி. பென்ரைவில் இருபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இரண்டு பென்ரைவில் பிரதி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள்.