பெரிய அலுவலகங்களின் கழிவும் பயணமும்

பெரிய அலுவலகம் ஒன்றின் செலவுக் கணக்கில் மின்கட்டணமும் எழுதுபொருளும் தவறாது இடம்பெறும். அங்கிருந்து வெளியேறும் குப்பையின் எடையோ, ஊழியர் வந்துபோவதற்கு எரியும் எரிபொருளோ அக்கணக்கில் ஏறுவதில்லை. அச்சுமையை நகர மக்கள் ஏற்கின்றனர். பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர்.

இச்சுமை கற்பனையன்று. 2017 செப்டம்பர் 1-ஆம் நாள் தில்லியின் காசிப்பூர் குப்பைமேடு சரிந்து இருவர் உயிரிழந்தனர். அந்நகரின் காற்று மாசில் வாகனப் புகைக்கும் பங்குண்டு.

முதலாவது, கழிவு. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்கும் கட்டடங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனிப் பொறுப்புகளை விதித்தன. மத்திய அரசுக் கட்டடங்களும் அவற்றுள் அடங்கின. 1,000 பேர் பணிபுரியும் கட்டடத்தில் தலைக்கு 150 கிராம் எனக் கொண்டாலும் நாளொன்றுக்கு 150 கிலோ சேரும். தேநீர் சிந்தி நனைந்த காகிதம் விலைபோகாது. கலந்த குப்பையைப் பின்னர்த் துப்புரவுத் தொழிலாளியே கையால் பிரிக்க நேரிடும். ஆதலின் கழிவு தோன்றும் இடத்திலேயே பிரிக்கப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, பயணம். தில்லிப் பெருந்திட்டம் 2021, திறந்தவெளியில் ஒரு கார் நிற்க 23 சதுர மீட்டர் எனக் கணக்கிட்டது. இதன்படி 300 கார்களுக்கு 6,900 சதுர மீட்டர் தேவை. இவ்விடத்தைக் கட்டணமின்றித் தரும் அலுவலகம், உண்மையில் காரில் வருவோருக்கு மானியம் அளிக்கிறது. பேருந்திலும் மெட்ரோவிலும் வருவோருக்கு அதில் பங்கில்லை.

2024 நவம்பரில் காற்று மாசு கடுமையானபோது தில்லியில் மத்திய அரசு, தில்லி அரசு, மாநகராட்சி அலுவலகங்களின் நேரங்கள் வெவ்வேறாக்கப்பட்டன. இம்முறை நெரிசலைப் பரவலாக்கும். ஆனால் வாகனங்களின் எண்ணிக்கையைத் தானாகக் குறைத்துவிடாது. மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகம் வரை இணைப்புப் பேருந்து, நிழலுள்ள நடைபாதை, கூட்டாகக் காரில் வருவோருக்கு நிறுத்துமிட முன்னுரிமை ஆகியவையே அதனைக் குறைக்க வல்லவை.

இவ்விரண்டிற்கும் அடிப்படை அளவீடேயாகும். பிரிவுவாரியாக வாரந்தோறும் கழிவை நிறுத்தலும், ஊழியர் வரும் வழியையும் தொலைவையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்தலும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. மொத்த அளவைவிடத் தலைவீத அளவே ஒப்பிடத் தக்கது. பணியாளர் குறைந்ததால் குப்பை குறைந்தால், அது முன்னேற்றம் ஆகாது. இவ்வளவுகள் ஆண்டறிக்கையில் வெளியிடப்படுமாயின், புறச்செலவு அலுவலகத்தின் சொந்தக் கணக்காகும். பொறுப்பும் அங்கிருந்தே தொடங்கும்.