நிற்கும் வண்டிக்கும் சட்டம் உண்டு

பெங்களூரு நகரில் உள்ளது ஒக்கலிபுரம். தமிழர் பலர் வாழும் பகுதி. இங்கே சந்துகள் குறுகியவை. வீட்டு முற்றங்களும் சிறியவை.

அப்படி ஒரு முற்றத்தில் பழைய ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஓடி மூன்று ஆண்டு ஆகிறது. அதன் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. வண்டி கணவர் பெயரில் உள்ளது. அவர் காலமாகிவிட்டார்.

"பதிவு இல்லாத வண்டியை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

"பேப்பர் எதுவும் வேண்டாம் அம்மா. காசு தருகிறேன், வண்டியைக் கொடுங்கள்" என்கிறார் பழைய இரும்பு வாங்குபவர்.

இவர்கள் சொல்வது சரியா?

வைத்திருப்பது குற்றமா?

குற்றம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவு இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது. பிறரை ஓட்ட விடவும் கூடாது. தெருவில் மட்டும் அல்ல, வேறு எந்த இடத்திலும் கூடாது. ஆனால் வீட்டுக்குள் சும்மா நிறுத்தி வைப்பதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை.

ஸ்கூட்டர், கார் போன்ற சொந்த வண்டிகளின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறை 2,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். "பக்கத்துக் கடைக்குத்தானே போனேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

வாசலுக்கு வெளியே நிறுத்தலாமா?

வாசலைத் தாண்டினால் அது பொது இடம். பொதுமக்களுக்குச் செல்ல உரிமை உள்ள இடம் எல்லாம் பொது இடம்தான். முட்டுச் சந்தும் அப்படியே. அங்கே 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லப் போலீசார் உத்தரவிடலாம். அந்தச் செலவும் உரிமையாளர் தலையில் விழும்.

சுவருக்குள் நிற்கும் வண்டியின் நிலை வேறு. விசாகப்பட்டினம் உருக்காலையின் மூடிய வளாகத்துக்குள் ஒரு நிறுவனத்தின் 36 வண்டிகள் ஓடின. அவை வெளிச் சாலைக்கு வரவில்லை. அவற்றுக்கும் ஆந்திர அரசு சாலை வரி வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வளாகம் பொது இடம் அல்ல, அந்தக் காலத்துக்கு வரி இல்லை என்று 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இது வரி பற்றிய தீர்ப்பு மட்டுமே. பதிவு இல்லாமல் ஓட்டலாம் என்று அது சொல்லவில்லை.

பேப்பர் இல்லாமல் விற்கலாமா?

விற்கவே கூடாது. பெரிய ஆபத்து இதில்தான் உள்ளது. வண்டி கைமாறும், ஆனால் ஆர்.சி.யில் பழைய பெயரே இருக்கும். 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு கார் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் காரால் விபத்து நடந்தது. பதிவில் யார் பெயர் உள்ளதோ, அவரே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

என்ன செய்ய வேண்டும்?

1. வண்டிச் சொந்தக்காரர் இறந்துவிட்டால், வண்டியை ஓட்ட விரும்பும் வாரிசு 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் அலுவலகம் சென்று கேளுங்கள்.

2. வண்டி இனி ஓடவே ஓடாது என்றால், அதையும் அங்கே தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள்.

3. வண்டியை உடைக்கக் கொடுப்பதானால், அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுங்கள். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் சான்று தர வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

4. எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

நினைவில் கொள்வோம்

வண்டி வீட்டுக்குள் நிற்கலாம். ஆனால் பதிவில் பெயர் உள்ளவரை பொறுப்பும் உண்டு.

விடை எழுதுங்கள்

1. பொது இடம் என்றால் எது?
2. பெயர் மாற்றாமல் வண்டியை விற்றால் என்ன ஆபத்து?
3. உங்கள் வீட்டு வண்டியின் பதிவு எந்த ஆண்டு முடிகிறது? ஆர்.சி.யைப் பார்த்து எழுதுங்கள்.