தினமும் ஓடும் காருக்கு வீட்டிலேயே பராமரிப்பு

“வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகக் கீறல் தெரிகிறது.” கறுப்பு, அடர்நீலக் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. பெயின்ட் மட்டம் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம், தினமும் காலையில் உலர்ந்த துணியாலோ, நாலைந்து வண்டிகளுக்கு ஒரே பக்கெட்டில் நனைத்த துணியாலோ துடைப்பதுதான்.

நிறத்தின் மேல் கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) இருக்கிறது. பளபளப்பைத் தருவது அதுதான். பல கார்களில் அதன் கனம் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தெருப்புழுதியில் உள்ள மணல் துகள் இந்தப் பூச்சைவிடக் கடினமானது. தூசியோடு துணியைத் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். புழுதி படிந்த வண்டிக்கு அப்படியே கவர் போட்டாலும் காற்றில் கவர் அசைந்து அதே கீறல்தான் விழும்.

சேதம் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். கழுவிய பரப்பில் கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. வீட்டு பாலிஷில் போகாது. தட்டாவிட்டால் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றிருக்கும்; அதைப் பிறகு பாலிஷில் சரிசெய்யலாம். முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள்.

நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு தொடங்குங்கள். கை வைக்கும் முன் நிறையத் தண்ணீர் விட்டுப் புழுதியை இறக்கிவிடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே மறுபடி ஷாம்பில் நனையுங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும். துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை மறந்துவிடுங்கள்.

சென்னையின் கரையோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது பெயின்ட்டின் மேல் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் காருக்கு ஊற்றுபவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், வேண்டாம். கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, காயுமுன் தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள்.

பறவை எச்சம் காத்திருக்காது. வெயிலில் அது பூச்சை அரித்து வடு உண்டாக்கும். சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போர்த்தி, ஊறியதும் வழித்தெடுங்கள்.

சுத்தமான பரப்பில்தான் பாதுகாப்பு நிற்கும். மெழுகு (வாக்ஸ்) நம் வெயிலில் ஓரிரு மாதம் தாங்கும்; சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) பல மாதம் வரும். தொடக்கத்துக்கு சீலன்டே போதும் என்பது என் கருத்து. தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் பரவி நிற்கத் தொடங்கினால் மீண்டும் பூசுங்கள். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்றாலும் கல் தெறிப்பதையோ சாவிக் கீறலையோ தடுக்காது. பழைய கீறலின் மேல் பூசினால் அந்தக் கீறலும் அடியிலேயே தங்கிவிடும்.

மண்ணெண்ணெய், டீசல் தடவினால் பளபளப்பது எண்ணெய்ப் படலம்தான். அதில் புழுதி இன்னும் ஒட்டும், ரப்பர் பாகங்களும் கெடும். பற்பசை சிறு கீறலை மங்கச் செய்வது பூச்சைத் தேய்த்தெடுத்துத்தான். துணி துவைக்கும் பவுடர் முன்பு பூசிய மெழுகைக் கழற்றிவிடும்.

முடிக்கும் முன் கதவுகளைத் திறந்து அடிவிளிம்பைப் பாருங்கள். அங்குள்ள சிறு துளைகள் உள்ளே இறங்கிய தண்ணீர் வடிவதற்கானவை. மண் அடைத்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் நீக்குங்கள். கரையோரக் கார்களில் கதவுத் துரு பல நேரம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.